கடல் இல்லாத ஊர்க்காரர்களுக்கு ஒரு மீனவ கிராமம்: ஒகேனக்கல், நாகமரை, பண்ணவாடிக்கு இருவர் நிதானமாகப் போய்வர முழு வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தம்பதிகள் "எங்கேயாவது அமைதியான மீனவ கிராமத்துல ரெண்டு நாள் இருந்துட்டு வரலாம்" என்று பேச ஆரம்பித்தால், பேச்சு தரங்கம்பாடிக்கோ பழவேற்காட்டுக்கோ போய்விடும். இரண்டும் நல்ல ஊர்கள்தான். ஆனால் போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று ஆகிவிடும். திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போது இடுப்பு வலிதான் மிச்சம். பென்னாகரம் தாலுகாவின் ஓரத்தில், காவிரி மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பாக அகன்று நிற்கும் இடத்தில், வலையும் பரிசலுமாகப் பிழைக்கிற ஊர்கள் நமக்கே இருக்கின்றன. உப்புக் காற்று கிடையாது, அலை கிடையாது. மற்றதெல்லாம் உண்டு.

இந்த வழிகாட்டி இரண்டு இரவு, மூன்று பகலுக்கானது. முதல் இரவு ஒகேனக்கல். இரண்டாம் நாள் மாலை நாகமரை, அங்கிருந்து படகில் எதிர்க்கரைப் பண்ணவாடி, இரவு மேட்டூர். மூன்றாம் நாள் விடியலில் மறுபடி பண்ணவாடிக் கரை, பிறகு மேச்சேரி, தொப்பூர் வழியாக வீடு. ஒரு வட்டம் அடித்த மாதிரி வந்து முடியும். போன வழியிலேயே திரும்ப வேண்டியதில்லை.

முதலில் தண்ணீர் நிலவரம்

இந்தப் பயணத்துக்கு நாள் குறிப்பது காலண்டர் இல்லை, மேட்டூர் அணை நிலவரம். நாளிதழ்களில் தினமும் வரும் அந்தச் சின்னப் பெட்டிச் செய்தியை நம்மில் பலர் பார்ப்பதே இல்லை. அதில் நான்கு எண்கள் இருக்கும்: நீர்மட்டம் அடியில், நீர்வரத்தும் வெளியேற்றமும் வினாடிக்கு இத்தனை கன அடி என்று, நீர் இருப்பு டி.எம்.சி.யில் (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி). 1934இல் திறக்கப்பட்ட இந்த அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., முழு நீர்மட்டம் 120 அடி.

உங்களுக்கு முக்கியமானவை முதல் இரண்டும்தான். நீர்மட்டம் 110, 120 என்று இருந்தால் நாகமரையில் தண்ணீர் ஊருக்குப் பக்கத்திலேயே நிற்கும். கரையில் உட்கார்ந்தால் எதிரில் கண்ணுக்கு எட்டியவரை நீர். அணை நிரம்பினால் நீர்ப்பரப்பு ஏறக்குறைய 150 சதுர கிலோமீட்டர், அதனால் கடலோரத்தில் இருப்பதுபோல் தோன்றினால் அதில் தப்பில்லை. மட்டம் எண்பதுக்குக் கீழே இறங்கினால் கரை எங்கேயோ போய்விடும். பரிசல் துறையே நகர்ந்து போகும். நேற்று நீர் நின்ற இடத்தில் உழுது கடலையும் எள்ளும் சோளமும் விதைத்திருப்பார்கள். அப்போது வேறொரு காட்சி கிடைக்கும், அதைப் பிறகு சொல்கிறேன்.

நீர்வரத்து என்பது ஒகேனக்கல் பக்கத்துக் கணக்கு. காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் நீரை அளக்கிறது. அங்கே வரத்து ஏறினால் ஒகேனக்கல்லில் மாவட்ட நிர்வாகம் முதலில் பரிசலை நிறுத்தும், அடுத்து குளிக்கத் தடை போடும். குடகிலும் வயநாட்டிலும் பெரிய மழை, கிருஷ்ணராஜ சாகரும் கபினியும் நிரம்பி உபரி நீரைத் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தால், ஓரிரு நாளில் அந்தத் தண்ணீர் நம் பக்கம் வந்துவிடும். அந்த வாரம் போகாதீர்கள். "வெள்ளத்தைப் பார்க்கவே போகிறோம்" என்பவர்கள் போகலாம், அது வேறு பயணம்.

ஆக, ஜூலை, ஆகஸ்ட் நிச்சயமில்லாத மாதங்கள். அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை நல்ல காலம். வழக்கமாக ஜூன் 12இல் பாசனத்துக்குத் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள் என்பதால், அந்த ஆண்டின் மழையைப் பொறுத்து மட்டம் முன்னே பின்னே இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் ஆளை வறுத்துவிடும், பள்ளி விடுமுறைக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். நீர் குறைந்து தேங்கும் காலத்தில் கரையோரம் பச்சைப் பாசி படர்ந்து நாற்றமடிக்கும். கோட்டையூர், பண்ணவாடிப் பக்கம் இது அவ்வப்போது செய்தியிலேயே வரும். கரையில் நிம்மதியாக உட்கார வேண்டும் என்று போகிறவர்களுக்கு இந்த நாற்றம் ஒன்று போதும், பயணமே கெட்டுவிடும்.

தவிர்க்க வேண்டிய நாட்கள்: ஆடிப்பெருக்கு, ஆடி அமாவாசை, தை அமாவாசை, பொங்கலை ஒட்டிய விடுமுறை, எல்லா ஞாயிறும். புதிதாகக் கல்யாணமானவர்கள் ஆடிப்பதினெட்டுக்குத் தாலிக் கயிறு மாற்ற ஆற்றங்கரைக்கு வருவார்கள். அது சடங்கு, அதற்குக் கூட்டமும் ஒரு அழகுதான். ஓய்வுக்கு வருகிறவர்கள் செவ்வாய் கிளம்பி வியாழன் திரும்புங்கள். லீவு போட வேண்டுமே என்றால், போடத்தான் வேண்டும்.

என்ன எடுத்துப் போவது, எதை விட்டுப் போவது

அடுப்பு, குக்கர், இட்லிப் பொடி, புளிசாதம் எதுவும் வேண்டாம். நம் ஊரில் "ஜாலியா ட்ரிப்" என்றால் வீட்டுப் பெண் முந்தின நாள் ராத்திரி பதினொரு மணிவரை சமைத்து, மறுநாள் ஆற்றங்கரையில் பரிமாறி, அப்புறம் பாத்திரம் கழுவுவது என்று ஆகிவிட்டது. இருவரும் ஓய்வெடுக்கத்தான் இந்தப் பயணம். போகிற இடத்தில் உங்களைவிட நன்றாக மீன் சமைப்பவர்கள் இருக்கிறார்கள்.

இருவரின் ஆதார் அட்டையும் வேண்டும். ஒருவரது மட்டும் கொண்டுபோய் விடுதி வரவேற்பில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். கையில் பணம் வேண்டும். கரையில் எல்லோரிடமும் ஸ்கேன் அட்டை இருக்கும் என்று நம்பக் கூடாது, இருந்தாலும் சிக்னல் இருக்க வேண்டுமே. ஏ.டி.எம்., பெட்ரோல், மருந்துக்கடை எல்லாவற்றையும் பென்னாகரத்திலேயே முடித்துவிடுங்கள். ஈரமானாலும் கவலைப்படாத உடை இரண்டு செட், பாறையில் வழுக்காத செருப்பு, தொப்பி, டார்ச், ஒரு பழைய போர்வை. போர்வையைக் கரையில் விரித்து உட்காரத்தான். பை ஜிப் வைத்ததாக இருக்கட்டும். ஒகேனக்கல் குரங்குகளுக்கு பிஸ்கெட் பாக்கெட்டின் சத்தம் அரை கிலோமீட்டருக்குக் கேட்கும்.

போகும் வழி

கிருஷ்ணகிரியிலிருந்து வருகிறவர்கள் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தருமபுரி வரை வந்து மேற்கே திரும்ப வேண்டும். கே.ஆர்.பி. அணைக்குப் பக்கத்தில் பொரிக்கும் மீனின் வாசனைக்கு வண்டியை நிறுத்தத் தோன்றும். நிறுத்துங்கள், தப்பில்லை. ஆனால் ஒரு துண்டோடு எழுந்துவிடுங்கள். பாலக்கோடு, பாப்பாரப்பட்டி வழியாகப் பென்னாகரம் வருவதும் ஒரு வழி. பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடம் இருக்கிறது. அவர் 1925இல் இந்த ஊரில்தான் கண்மூடினார். அரை மணி நேரம் நின்றுவிட்டு வரலாம்.

தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் ஏறக்குறைய 46 கிலோமீட்டர். பென்னாகரம் தாண்டினால் காட்டுச் சாலை, வளைவுகள், சோதனைச் சாவடி. யானை கடக்கும் பாதை இது. பகலில் மட்டும் போங்கள், வழியில் நிறுத்திப் படம் எடுக்காதீர்கள், குரங்குக்குத் தீனி போடாதீர்கள். பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தருமபுரி பஸ் நிலையத்திலிருந்து ஒகேனக்கல்லுக்கு நேர் பஸ் உண்டு. சாதாரணக் கட்டண டவுன் பஸ் கிடைத்தால் மனைவிக்குக் கட்டணம் இல்லை, கணவர் மட்டும் சில்லறை தேடினால் போதும்.

மூன்று நாளுக்கும் சேர்த்துச் சொன்னால், இந்த வட்டத்துக்குச் சரியான வண்டி மோட்டார் சைக்கிள்தான். நாகமரையில் படகில் வண்டியையும் ஏற்றிக்கொண்டு அக்கரை போகலாம். காரில் வருகிறவர்கள் நாகமரையைப் பார்த்துவிட்டுப் பென்னாகரம் பக்கம் திரும்பி, பெரும்பாலை, மேச்சேரி வழியாகச் சுற்றித்தான் மேட்டூர் போக வேண்டும். 2022இல் தொல்லியல் துறை அகழாய்வு செய்த அதே பெரும்பாலைதான். இந்தச் சுற்று வழியில் ஆகும் நேரத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள்: ஒகேனக்கல்லில் ஒன்றும் செய்யாமல் இருப்பது

காலை ஒன்பது, பத்து மணிக்குக் கிளம்பினால் போதும். மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல் தமிழ்நாடு இங்கே இருக்கிறது, தனியார் விடுதிகளும் உண்டு. முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். அறைக்குப் போனதும் தூங்குங்கள். வெயில் தாழ நான்கரை மணிக்கு எழுந்து, பகல் சுற்றுலாப் பஸ்கள் கிளம்பிப் போகிற நேரத்தில் ஆற்றங்கரைக்கு வாருங்கள். பகல் முழுக்க இரைச்சலாக இருந்த இடம் அப்போதுதான் கொஞ்சம் அடங்கும். தேசநாதீஸ்வரர் கோயில் பக்கம் நடந்துவிட்டு வந்து சாப்பிட்டுப் படுத்தால் முதல் நாள் முடிந்தது. அருவியையும் பரிசலையும் முதல் நாளே முடித்துவிடலாம் என்று ஓடாதீர்கள்.

இரண்டாம் நாள் காலை: பரிசல், அருவி

காலையில் கவுண்டர் திறந்ததும் பரிசலுக்குப் போய்விடுங்கள். கட்டணம் பலகையில் எழுதியிருக்கும், ரசீது வாங்குங்கள், உயிர்காப்பு அங்கியைப் போட்டு வாரை இழுத்துக் கட்டுங்கள். நான்கு பேர் உட்காரும் பரிசலில் இருவர் மட்டும் போவதானால் முழுப் பரிசலுக்கும் கட்ட வேண்டியிருக்கும். இந்தப் பயணத்தில் கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்யத் தகுந்த இடம் இது. எந்த எந்த இடம் காட்டுவார், எவ்வளவு நேரம் என்பதை ஏறுவதற்கு முன்பே பேசி முடியுங்கள். நடு ஆற்றில் பேரம் பேசுவது யாருக்கும் நல்லதில்லை.

பரிசலில் ஏறுவதற்கு ஒரு முறை இருக்கிறது. விளிம்பை மிதிக்காமல் நேராக நடுவில் கால் வைத்து, வைத்த வேகத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். இருவரும் எதிரெதிராக, எடை சமமாக இருக்கும்படி. நிற்கக் கூடாது, செல்ஃபிக்கு ஒரே பக்கம் சாயக் கூடாது. அடியை ஒரு தடவை கவனியுங்கள்: மூங்கில் பத்தைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய வட்டம். முன்பு தோல் போர்த்தியிருப்பார்கள், இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும். ஃபைபர் பரிசல்களும் வந்துவிட்டன. முன் இல்லை, பின் இல்லை என்பதால் துடுப்பு போடுபவர் நீரைத் தன் பக்கம் இழுத்துத்தான் பரிசலை நகர்த்துவார். அவர் சுற்றிக் காட்டட்டுமா என்று கேட்பார். தலைசுற்றல் உள்ளவர்கள் முதலிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

குளிப்பதற்கு அனுமதித்த இடம் தவிர வேறு எங்கும் இறங்காதீர்கள். இது வெறும் பயமுறுத்தல் இல்லை. பாறைகளுக்கு நடுவே நீர் ஆழமாகக் குடைந்து வைத்திருக்கும், மேலே பார்த்தால் முழங்கால் அளவுதான் தெரியும். இந்த ஆற்றில் முதலையும் உண்டு. ஒகேனக்கல்லிலேயே வனத்துறையின் முதலைகள் மறுவாழ்வு மையம் இருக்கிறதே, அது சும்மா வைத்ததில்லை. ஆயில் மசாஜ் வேண்டுமானால் விலை பேசிவிட்டு உட்காருங்கள். பரிசலுக்குப் போய் வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், எண்ணெய்க் காலோடு பரிசல் ஏறினால் விழுவது நிச்சயம்.

மீன் வாங்கிச் சமைக்கக் கொடுப்பது

ஒகேனக்கல்லில் நான் முக்கியமாக நினைப்பது அருவியை இல்லை, இதைத்தான். கரையில் மீன் வாங்கி, அங்கேயே சமைத்துத் தரும் பெண்களிடம் கொடுத்தால் மதியத்துக்குக் குழம்பும் வறுவலும் தயார். இது ஒழுங்காக நடக்கச் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

இருவருக்கு முழு மீனாக ஒரு கிலோ, பசி நன்றாக இருந்தால் ஒன்றேகால். சுத்தம் செய்தால் தலை, குடல், செதில் என்று நிறையவே போய்விடும் என்பதால் விலையை முழு எடைக்கா, வெட்டிய எடைக்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கட்லாவின் தலை பெரிது, சதை கெட்டி, குழம்புக்கு அதுதான். ரோகு ருசியாக இருக்கும், நடுவில் கவைமுள் அதிகம். பேசிக்கொண்டே சாப்பிடுகிறவர்களுக்குச் சரிப்படாது. ஜிலேபி என்று எல்லோரும் சொல்லும் திலேப்பியா வறுவலுக்கு. கெளுத்தி கிடைத்தால் குழம்பில் போடச் சொல்லுங்கள், ஆனால் உயிரோடு இருப்பதைக் கையில் பிடித்துப் பார்க்காதீர்கள். அதன் முள் குத்தினால் ஒரு பகல் முழுக்கக் கடுக்கும். ஆரால் பாம்பு மாதிரி இருக்கிறதே என்று மனைவியோ கணவரோ முகம் சுளிக்கலாம். சுளிக்கிறவர் சாப்பிட வேண்டாம், மற்றவருக்குக் கூடுதலாகக் கிடைக்கும்.

செவுளைத் தூக்கிப் பாருங்கள், ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தின குழி உடனே எழ வேண்டும். ஐஸில் கிடந்த மீனை ஆற்று மீன் என்று சொல்லி விற்பதும் உண்டு. "இன்னிக்குப் பிடிச்சதா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "எந்தப் பக்கம் வலை போட்டீங்க?" என்று கேளுங்கள். பிடித்தவர் ஊர் பேர் சொல்லிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

சமைக்கிற அக்காவிடம் மூன்று விஷயம் பேசிக்கொள்ளுங்கள்: மசாலாவும் எண்ணெயும் அவருடையதா நம்முடையதா, கூலி எவ்வளவு, எத்தனை மணிக்குத் தயாராகும். அப்புறம் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். அரிவாள்மனையைக் காலால் அழுத்திக்கொண்டு, மீனை வாலிலிருந்து தலை நோக்கி இழுத்துச் செதில் சீவுவார். ஆராலாக இருந்தால் சாம்பலோ கல்லுப்போ போட்டு வழவழப்புப் போகிறவரை தேய்ப்பார். குழம்பு கொதித்து எண்ணெய் மேலே மிதந்த பிறகுதான் மீன் துண்டுகள் உள்ளே இறங்கும். போட்ட பின் கரண்டி கிடையாது, சட்டியின் காதைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றுவதோடு சரி. காரம் குறைவாக வேண்டும் என்றால் மசாலா அரைக்கும் முன்பே சொல்ல வேண்டும். இதற்கு ஏற்ற துணை ராகிக் களிதான். எங்கே கிடைக்கிறது என்று அந்த அக்காவிடமே கேளுங்கள். களியை மெல்லாமல் விழுங்கத் தெரியாத வாழ்க்கைத்துணை அமைந்திருந்தால் சோறு.

சாப்பிட்ட இலை, கவர் எல்லாவற்றையும் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, இரண்டு மணிக்கெல்லாம் ஒகேனக்கல்லை விட்டுக் கிளம்பிவிடுங்கள். கிளம்பத் தாமதமானால் அடுத்த பாகத்தின் அழகு போய்விடும்.

இரண்டாம் நாள் மாலை: நாகமரை

மறுபடி மலை ஏறிப் பென்னாகரம். அங்கிருந்து ஏரியூர், நெருப்பூர் வழியாக நாகமரை. நிதானமாகப் போனால் பென்னாகரத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம். நெருப்பூரில் டீ குடிக்கும்போது இரண்டு கேள்வி: "இன்னிக்குப் படகு ஓடுதாங்க?", "கடைசிப் படகு எத்தனை மணிக்கு?" நீர்மட்டம், காற்று, குத்தகை என்று ஏதாவது காரணத்தால் படகு நிற்பதும், நேரம் மாறுவதும் உண்டு. எந்தத் தளத்திலும் தேடிப் பயனில்லை, டீக்கடையில் சரியான பதில் வரும். நாகமரையில் ஓடவில்லை என்றால் ஒட்டனூரிலிருந்து கோட்டையூருக்கு ஓடுகிறதா என்றும் கேட்டு வையுங்கள். இந்தக் கரைகளுக்கு நடுவே பாலம் வேண்டும் என்பது இரு பக்கத்து மக்களும் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருப்பது. பாலம் இல்லாததால் வரும் கஷ்டம் அவர்களுக்கு, அமைதி நமக்கு. அதைக் கரையில் நின்று சத்தமாகச் சொல்லிவிடாதீர்கள்.

நாகமரையில் "பார்க்க வேண்டிய இடங்கள்" என்று பட்டியல் எதுவும் இல்லை. நுழைவுச் சீட்டு இல்லை, வாட்ச் டவர் இல்லை, தங்கும் விடுதியை எதிர்பார்த்தும் வராதீர்கள். கரையில் கவிழ்த்து வைத்த பரிசல்கள், வேலியில் உலரும் நைலான் வலை, அதைத் தைத்துக்கொண்டிருக்கும் பெரியவர், தண்ணீர் குடிக்க இறங்கும் ஆடுமாடு. போர்வையை ஒரு மரத்தடியில் விரித்து உட்கார்ந்துவிடுங்கள். ஊருக்குள் போய் வீடுகளைப் படம் எடுப்பது வேண்டாம். ஆட்களைப் படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள்.

நான்கு, நான்கரை மணிக்கு மேல் வலை போடக் கிளம்புவார்கள். ஒருவர் பரிசலைத் தலைகீழாகத் தலைமேல் தூக்கிக்கொண்டு இறங்குவார், இடுப்புக்குக் கீழேதான் ஆள் தெரியும். பரிசலில் துடுப்பு போடுபவர் ஒருவர், வலையை விடுபவர் ஒருவர். பல வீடுகளில் இது கணவன் மனைவி இருவரும் சேர்ந்து செய்யும் வேலை. ஒரு முனையில் கல்லோ மிதவையோ கட்டி, பரிசல் மெதுவாக நகர நகர வலை மடிப்பு மடிப்பாகத் தண்ணீருக்குள் போகும். தெர்மாகோல் துண்டுகள் மேலே வரிசையாக மிதந்து நிற்கும். செவுள் வலை இது. மீன் தானாக வந்து தலையை நுழைத்துச் செவுளில் மாட்டிக்கொள்ளும், யாரும் இழுக்க வேண்டியதில்லை. ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிட்டு விடியலில் எடுப்பார்கள். மேட்டூரில் இருக்கும் அரசு மீன் விதைப் பண்ணையில் வளர்க்கும் கட்லா, ரோகு, மிருகால் குஞ்சுகளை அணையில் விடுவது வழக்கம். இவர்கள் மீன்வளத் துறையிடம் உரிமம் பெற்று மீன் பிடிக்கிறார்கள்.

"எங்களையும் கூட்டிட்டுப் போங்கண்ணா" என்று கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். அது அவர்கள் வேலை நேரம், இரண்டு பேர் கூட ஏறினால் வலைக்கு இடமில்லை, உயிர்காப்பு அங்கியும் இருக்காது. பேச்சுக் கொடுக்கலாம்.

"வலை எப்ப எடுப்பீங்கண்ணா?"

"வெள்ளன வந்தாத்தான். ஆறு மணிக்கு மேல வந்தா ஏவாரி எடுத்துட்டுப் போயிருவான்."

அக்கரையிலும் இதே நேரக் கணக்குத்தான். அதனால்தான் இந்த வழிகாட்டி உங்களை இரவு மேட்டூருக்கு அனுப்புகிறது. ஒகேனக்கல்லில் தங்கிவிட்டு ஐந்து மணி இருட்டில் யானைக் காட்டைத் தாண்டி வருவது முட்டாள்தனம்.

அக்கரைக்கு

கடைசிப் படகுக்கு முந்தினதில் ஏறுங்கள். கடைசிப் படகில் வேலை முடித்துத் திரும்புகிறவர்கள், பால் கேன், மூட்டை, ஐந்தாறு வண்டி எல்லாம் சேர்ந்துவிடும். வண்டியைப் பலகை வழியாக அவர்களே ஏற்றுவார்கள், நீங்கள் சாவியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கலாம். உயிர்காப்பு அங்கி கேட்டு வாங்கிப் போடுங்கள். உள்ளூர்க்காரர்கள் போடவில்லை என்பது உங்களுக்குக் காரணமாகாது. அளவுக்கு மேல் ஆள் ஏறினால் இறங்கி அடுத்த படகுக்கு நில்லுங்கள். இருட்டிவிட்டாலோ காற்று ஏறிவிட்டாலோ படகை விட்டுவிட்டுப் பெரும்பாலை வழியாகச் சாலையில் போய்விடுங்கள்.

நீர்மட்டம் குறைந்த காலத்தில் வந்திருந்தால், முன்பு சொன்ன காட்சி இங்கேதான். அணை கட்டியபோது மூழ்கிய பழைய பண்ணவாடியின் தேவாலய இரட்டைக் கோபுரம், மட்டம் 80 அடிக்குக் கீழே இறங்கும்போது வெளியே தெரிய ஆரம்பிக்கும். இன்னும் இறங்கி 70ஐ ஒட்டி வந்தால் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் பெரிய நந்தி எழுந்து நிற்கும். காய்ந்து வெடித்த தரையாகத் தெரிகிறதே என்று நந்தி வரை நடந்து போக ஆசைப்பட்டால், உள்ளூர் ஆள் ஒருவரைக் கேட்டு அவர் சொன்ன தடத்திலேயே போங்கள். மேலே ஓடு மாதிரி காய்ந்த வண்டல், அடியில் முழங்கால் சேறு. ஜோடியாகப் போய்ச் செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு.

பண்ணவாடியிலிருந்து கொளத்தூர் வழியாக மேட்டூர். விடுதிகள் பஸ் நிலையத்தைச் சுற்றி இருக்கின்றன. சாதாரண அறைதான் கிடைக்கும், ஒரு ராத்திரிக்கு அது போதும். சீக்கிரம் படுங்கள்.

மூன்றாம் நாள் விடியல்

ஐந்து மணிக்கு எழுந்து, முதல் டீக்கடையில் டீ குடித்துவிட்டு மறுபடி பண்ணவாடிக் கரை. வலை எடுத்து வரும் பரிசல்கள் ஒவ்வொன்றாகக் கரை சேரும். வலைக் குவியலை அப்படியே மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு மீனைக் கழற்றுவார்கள். கவனித்தால் எல்லோரும் ஒரே மாதிரிதான் செய்கிறார்கள்: கட்டை விரல் நகத்தால் செவுளுக்குப் பின்னால் மாட்டிய கண்ணியைத் தூக்கி, மீனை வந்த வழியே பின்னால் இழுக்காமல் முன்பக்கமாகத் தள்ளி எடுப்பார்கள். பின்னால் இழுத்தால் வலையும் கிழியும், மீனும் சிதையும். எடுத்த மீன் ரகம் ரகமாகக் கூடைக்குப் போகும். டி.வி.எஸ். எக்ஸெல்லின் பின்னால் ஐஸ் பெட்டி கட்டிய வியாபாரிகள் தராசோடு நிற்பார்கள். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்து கரை காலியாகிவிடும். அதன் பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கலாம். அன்றைக்கு உங்களுக்கு வேறு வேலை இல்லை.

திரும்பும் வழியில் மேட்டூர் அணைப் பூங்காவும் பதினாறு கண் பாலமும் இருக்கின்றன. உபரி நீர் திறந்திருக்கும் நாளாக இருந்தால் பதினாறு கண் பாலத்தைப் பார்க்காமல் வராதீர்கள். இல்லையென்றால் பெரிய இழப்பில்லை. அணைக்கட்டு முனியப்பன் கோயிலில் கிடா வெட்டிப் பொங்கல் வைத்துச் சாப்பிடும் கூட்டம் அடிக்கடி இருக்கும். பக்தி உள்ளவர்கள் போகலாம். மேச்சேரியில் பத்திரகாளியம்மன் கோயில் சாலைக்குப் பக்கத்திலேயே.

செலவு பற்றி ஒன்று மட்டும். இரண்டு இரவுக்கும் அறை வாடகை, பரிசல், மீன், பெட்ரோல் என்று எல்லாம் சேர்த்தாலும் கடற்கரை ரிசார்ட் ஒன்றில் ஒரு இரவு தங்குவதைவிடக் குறைவாகத்தான் வரும். மிச்சமாவதில் கொஞ்சத்தைச் சமைத்துக் கொடுத்த அக்காவுக்கும் வண்டியைப் படகில் ஏற்றியவருக்கும் சேர்த்துக் கொடுங்கள். கரையில் மீன் வாங்கும்போது கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசாதீர்கள்.

வீட்டுக்கு மீன் வாங்குவதானால் பண்ணவாடியிலேயே, வியாபாரி அள்ளுவதற்கு முன் வாங்குங்கள். வெட்டிக் கழுவி, மேட்டூரில் ஐஸ் வாங்கித் தெர்மாகோல் பெட்டியில் மீன் ஒரு அடுக்கு, ஐஸ் ஒரு அடுக்கு என்று வைத்து டேப் ஒட்டிவிட்டால் தருமபுரி, கிருஷ்ணகிரி வரை கெடாது. பஸ்ஸில் போகிறவர்கள் தண்ணீர் சொட்டாமல் இன்னொரு கவர் போட்டுக்கொள்ளுங்கள், கண்டக்டர் அதைத்தான் முதலில் பார்ப்பார். மேச்சேரியிலிருந்து வரும் சாலை தொப்பூரில் நெடுஞ்சாலையைத் தொடும் இடத்தில் வேகம் குறையுங்கள். கணவாயில் பிரேக் சூடேறி இறங்கும் லாரிகளுக்குப் பக்கத்தில் போகாமல், இடப்பக்கம் ஒட்டி நிதானமாக வாருங்கள். மதியச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடலாம். இந்தத் தடவை குழம்பு வைப்பது கணவரின் முறை.